பாய்வுப்படம் (பவர்பாயின்ட்டில்)

ஒரு வேலையின் படிகளை வரிசையாகக் காட்டும் வரைபடம். இதன் முன்னோடியை 1921இல் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தனர். இன்றைய குறியீடுகளை ஐஎஸ்ஓ 5807 (1985) வரையறுக்கிறது: செயலுக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம்.

பவர்பாயின்ட்டில் படம் குலைவது பெரும்பாலும் அம்புகளால்தான். அம்பின் முனையைக் கட்டத்தருகே விட்டால் போதாது. விளிம்பில் தோன்றும் இணைப்புப் புள்ளியில் பொருத்த வேண்டும். சரியாகப் பொருந்தினால் முனை பச்சைப் புள்ளியாகத் தெரியும். பிறகு கட்டத்தை எங்கே நகர்த்தினாலும் அம்பும் கூடவே வரும். கட்டங்களைக் கண்ணளவில் அடுக்குவது வீண் உழைப்பு. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘அலைன்’, ‘டிஸ்ட்ரிபியூட்’ கட்டளைகளைக் கொடுத்தால் வரிசையும் இடைவெளியும் சீராகிவிடும். சாய்சதுரத்திலிருந்து கிளம்பும் கோடுகளில் ‘ஆம்’, ‘இல்லை’ கட்டாயம் எழுத வேண்டும். ஸ்லைடில் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல், படத்தை அடுத்த ஸ்லைடில் தொடரலாம்.