பழைய காரில் பின்பக்க டிரம் பிரேக்: எல்லாமே புது பார்ட்ஸ், ஆனாலும் வண்டி நழுவுவது ஏன்?

பழைய மாருதி 800. பின்பக்க லைனிங் தேஞ்சு போச்சு என்று மெக்கானிக் சொல்ல, ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் புதுசா மாத்தியாச்சு. பில்லும் கட்டியாச்சு. ஆனால் முதல் மழையிலேயே, சிக்னலில் பிரேக்கை கொஞ்சம் அழுத்தி மிதித்ததும் காரின் பின்பக்கம் ஒரு ஓரமாக நழுவுகிறது. மேட்டில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி மெல்ல உருள்கிறது.

பார்ட்ஸ் புதுசுதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. பழைய வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத கோளாறு இது. டிரம் மூடியிருப்பதால் வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

எப்படி கலந்து போகிறது?

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். நடுவில், 1986-ல் காரின் உருவமே மாறியது. 30 வருஷம் ஓடிய ஒரு மாடலில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானும் கடைசி வரை ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. "800-க்கு பின்னாடி வீல் சிலிண்டர் குடுங்க" என்றதும் "எந்த வருஷ மாடல்?" என்று கேட்கிற கடைக்காரர் நல்ல கடைக்காரர். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் நாமே சொல்லிவிட வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் கழட்டின சாமான் இன்னொரு வழி. விலை குறைவு, ஒரிஜினலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த டிரம் எந்த வண்டியில் இருந்தது, எத்தனை முறை லேத்தில் ஏறியது என்பது யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் விட சாதாரணமாக நடப்பது, "லீக் ஆகுற சைடு மட்டும் மாத்தினா போதும்" என்ற சிக்கனம். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு. பிரச்சினை பெரும்பாலும் ஆரம்பிப்பது இங்கேதான்.

1.6 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஷூவைத் தள்ளுகிறது. ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. பிஸ்டனின் பரப்பு கூடினால் தள்ளும் விசையும் கூடும்.

வீல் சிலிண்டர்களில் பரவலாக இருக்கும் இரண்டு அளவுகள் 11/16 அங்குலம், 3/4 அங்குலம். அதாவது 17.46 மி.மீ, 19.05 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ கூட இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், பெரிய சிலிண்டர் சுமார் 19 சதவீதம் கூடுதல் விசையோடு தள்ளும். ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்றால் ஒரு பின்சக்கரம் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் பெரிய சிலிண்டரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. அதனால்தான் கம்பெனியே பின் பிரேக்கை அளந்து, குறைவாக வைக்கிறது. அதைக் கூட்டினால் முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரங்கள் நின்றுவிடும். ஈரமான ரோட்டில் வண்டி சுழல்வதற்கு அது போதும். முன் பிரேக்கில் இடது வலது வித்தியாசம் இருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். பின் பிரேக் அப்படிப் பெரிதாகக் காட்டாது. நழுவும்போதுதான் தெரியும்.

லேத்தில் கடைந்த டிரம், புது லைனிங்

டிரம்மில் கோடு விழுந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவது வழக்கம். கடைந்தால் உள்விட்டம் கூடும். அந்தப் பெரிய வட்டத்துக்குள் சாதாரண அளவு புது லைனிங்கைப் போட்டால் நடுவில் மட்டும்தான் தொடும். மிதிக்கிறோம், பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது. மாறாக, பெரிய டிரம்முக்காகத் தடிமனாக ஒட்டிய லைனிங்கைப் புது டிரம்மில் போட்டால் இரண்டு நுனிகள் மட்டும் உரசி வெடுக்கென்று பிடிக்கும்.

எவ்வளவு வரை கடையலாம் என்பதற்கு உச்ச அளவு உண்டு. பல டிரம்களில் அது டிரம்மின் மேலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டிவிட்டால் டிரம்மை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றினாலும் கடைந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வர வேண்டும்.

ஒத்துப் போகிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். லைனிங் மேல் சாக்பீஸைத் தேய்த்து, டிரம்மை மாட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழட்டினால், சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொடுகிற இடம்.

"அந்தப் பக்கத்தைப் பார்த்து மாட்டு" - இங்கே செல்லாது

டிரம் பிரேக் கழட்டுவோருக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், ஒரு பக்கத்தை மட்டும் கழட்டு, குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்து மாட்டு என்பதுதான். நல்ல பாடம். ஆனால் பல கை மாறிய வண்டியில் அந்த மறுபக்கமே தப்பாக மாட்டப்பட்டிருந்தால்? தப்பைப் பார்த்து இன்னொரு தப்பு செய்வதாகிவிடும். கழட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் படத்தோடு ஒப்பிடுவதே சரி.

ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஷூ. ஹேண்ட்பிரேக் லீவர் சேர்ந்த ஷூவில் இடது, வலது தனித்தனி. சில பழைய வண்டிகளில் ஒரே சக்கரத்தின் இரண்டு ஷூவிலும் லைனிங் நீளம் வேறுபடும். அந்த வகையில் நீளம் குறைந்தது வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். இடம் மாறினால் பிடிமானம் போய்விடும்.

அடுத்தது அட்ஜஸ்டர். பல் சக்கரம் வைத்த தானியங்கி அட்ஜஸ்டரில் ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை. மாற்றிப் போட்டால் லைனிங் தேயத் தேய நெருங்கி வர வேண்டியது, தானாகவே விலகிப் போகும். பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கும். ஸ்பிரிங்குகளில் நிறம், நீளம், சுற்று எண்ணிக்கை மூன்றும் ஒத்துப் போக வேண்டும்.

லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஓட்டும் 800-ல் பெரும்பாலும் அது பிரேக் ஆயில், இல்லையென்றால் பேரிங் கிரீஸ். பின்சக்கரம் ஓட்டும் ஆம்னி, அம்பாசடரில் ஆக்சில் சீல் வழியாக கியர் ஆயிலும் வரலாம். ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடுவது வீண் வேலை.

வேலை செய்யும்போது

முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ஜாக்கியோடு நிறுத்தாமல் ஸ்டாண்டும் வைத்த பிறகே கழட்ட வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை கம்ப்ரசர் காற்றில் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைப்பது போதும், துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடலாம்.

ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் எல்லாமே இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனி, ஒரே அளவில் வாங்குவது நல்லது. பழைய சிலிண்டரின் உடம்பில் வார்ப்பு எழுத்தில் அளவு இருந்தால் அதை அப்படியே நம்பக் கூடாது. முந்தைய ஓனர் மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு.

சிலிண்டர் மாற்றினால் ஏர் எடுத்தே ஆக வேண்டும். ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 என்று இருந்தால் அதுதான். இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு துளி விழுந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் போகும்.

பெடல் கீழே போகிறது என்று ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிவிடுவதும் நடக்கிறது. முதலில் ஷூவை டிரம்முக்கு நெருக்கி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், கேபிள் கடைசி. வரிசை மாறினால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்து டிரம் கொதிக்கும்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை சில முறை மிதிக்க வேண்டும். பிறகு காலியான இடத்தில் 20 கி.மீ வேகத்தில் சோதனை. அதற்குப் பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின்சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், தொட வேண்டாம். ஒரு பக்கம் சுடுகிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது என்றால் மறுபடியும் டிரம்மைக் கழட்ட வேண்டியதுதான்.