கடாரத்துக் கலமும் குறுக்குப் பலகையும்

கடாரம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் செலுத்திய கடற்படையே. அவ்வெற்றியைத் தஞ்சைக் கல்வெட்டு பேசுகின்றது. ஆனால், கடல் கடந்த கலங்களைப் பழுது பார்த்தோர் எவர் என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. வென்றவனைப் பாடிய வரலாறு, செப்பனிட்டவனை மறந்தது. அவனை நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

கெடாவைத் துறைமுகமாக்கியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தமிழகத்துக் கலங்களைக் கிழக்கே கொணரும். வடகிழக்குப் பருவக்காற்று எழும்வரை அவை மீள இயலா. நடுக்கடலில் வருவோர்க்கு 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை அடையாளம். அதன் அடிவாரத்து மெர்போக் ஆற்றுமுகம் புகலிடம். 671இல் சீனத்தினின்று புறப்பட்ட துறவி இத்சிங், சிரீவிசயத்திலும் கடாரத்திலும் தங்கியே 673இல் தாமிரலிப்தியை அடைந்தார். இவ்வாறு காற்றுக்குக் காத்திருந்த திங்கள்களே கலங்களைச் செப்பனிடும் காலமாகவும் அமைந்திருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கலத்துள் விரைவில் தேய்வனவற்றுள் ஒன்று, குறுக்கே இடப்படும் இருக்கைப் பலகை. துடுப்பு வலிப்போர் அதன்மேல் அமர்ந்து காலூன்றி உழைக்கின்றனர். உப்புநீரும் வெயிலும் மாறி மாறி அதனைத் தாக்குகின்றன. எனினும், அஃது அமர்வதற்கு மட்டும் உரியதன்று. கலத்தின் இரு மருங்கையும் பிணித்து நிறுத்தும் உறுப்புமாகும். தென்கிழக்காசியப் பழங்கலங்களில் பலகையைச் செதுக்கும்போதே உட்புறத்தில் புடைப்புகளை விட்டுவைப்பர். மலாய்மொழியில் இவை தம்புக்கு எனப்படும். அவற்றில் துளையிட்டு, வங்குகளையும் குறுக்கு மரங்களையும் ஈஜோக் என்னும் கரிய பனைநாரால் இறுகக் கட்டுவர். பகாங்கின் கோலப் பொந்தியானில் 1926இல் கிடைத்த கலம் இம்மரபினது. அதன் காலம் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலானது. தமிழகக் கரையின் மசூலாப் படகும் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டதே.

கட்டுத் தளர்ந்தால் குறுக்குப் பலகை அசையும். அஃது அசைந்தால் மருங்குகள் நெகிழும். மருங்குகள் நெகிழ்ந்தால் பலகைகளின் பொருத்துவாய் திறந்து நீர் புகும். ஆதலின், பழைய நாரை அறுத்துப் புதுநாரால் இறுக்குதலும், வளைந்த பலகைக்கு அடியில் துணைக்கட்டை கொடுத்தலும், முனை உளுத்ததை நீக்கி வேறு பலகை பொருத்துதலும் இன்றியமையாதனவாகும். கட்டிய கலத்தில் ஓர் உறுப்பைக் கழற்றி மாற்றுதல் எளிது. அதுவே இம்மரபின் வலிமை.

இவ்வறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. பரிபாடலின் 10ஆம் பாடலில், சிதையும் கலத்தைப் பயின் என்னும் பிசினால் திருத்தும் நீகான் உவமையாக வருகின்றான். திசையறிந்து செலுத்துவோனே பழுதறிந்து திருத்துவோனாகவும் விளங்கினான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பழைய கெடாவின் தென்பகுதியாயிருந்த செபராங் பிறையில் 1834இல் ஒரு கல்வெட்டு கண்டறியப்பட்டது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் இனிதே நிறைவேற வேண்டியதை அது கூறுகின்றது. அவ்வேண்டுதலுக்குத் துணைநின்றவை நாரை இறுக்கிய கைகள். அக்கைகளுக்கு உரியோர் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

பீடோங், மெர்போக் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய நம் மக்களின் காலடியில் இவ்வரலாறு புதைந்து கிடந்தது. 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இடங்களுள் தோட்ட நிலங்களும் அடங்கும். அவ்வட்டாரத்துப் பழஞ்சண்டி ஒன்று நிலம் திருத்துகையில் இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று. நிலைத்து நிற்கும் கட்டடத்துக்கே இந்நிலை எனின், மட்கும் மரத்துக்கும் நாருக்கும் காவல் ஏது?

ஆசிரியர்கள் மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, ஆற்றையும் காட்டுதல் வேண்டும். கண்ணாடியிழைப் படகுகள் மலிந்துவிட்ட இந்நாளில், கோலக் கெடா, கோல மூடா கரைகளில் மரக்கலத் தச்சு அறிந்த முதியோரைக் கண்டு, அவர்தம் சொற்களையும் செயல்முறையையும் மாணவர் எழுதி வைத்தல் வேண்டும். வங்கு, பயின், நீகான் என்பன அகராதியில் மட்டும் உறங்கும் சொற்களாகிவிடலாகாது. கடாரம் கொண்டவனைப் போற்றுவோம். கலம் காத்தவனையும் போற்றக் கற்போம்.