உள்ளியும் ஓர் ஆங்கில மருத்துவ ஏடும்

அடுக்களையில் அன்றாடம் புழங்கும் உள்ளிக்கு நோய்க்கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பது பாட்டிமார் வழிவழியாகக் கூறிவந்த செய்தி. கூறுவது வேறு, சோதித்து நிறுவுவது வேறு.

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கவலிற்றோ, பெய்லி என்னும் அறிஞர் இருவர் நசுக்கிய உள்ளியிலிருந்து அல்லிசின் என்ற எண்ணெய்ப்பொருளைப் பிரித்தெடுத்து, பற்றீரியாக்களின் வளர்ச்சியை அது தடுப்பதைக் காட்டினர். ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. முழுப் பல்லுக்கு மணமில்லை. நசுக்கியதும் மூக்கைத் துளைக்கும் நெடி எங்கிருந்து வருகிறது? சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் ஸ்ரோல், சீபெக் என்போர் அடுத்த சில ஆண்டுகளில் விடை கண்டனர். மணமற்ற அல்லியின் என்னும் பொருளும், அதனை மாற்றும் நொதியமும் உள்ளியில் வெவ்வேறு அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. பல் சிதையும்போது இரண்டும் கலக்க, அல்லிசின் பிறக்கிறது. பிறந்தது நெடுநேரம் நிலைப்பதுமில்லை. நசுக்காமல் கொதிநீரில் இட்டால் நொதியம் வெப்பத்தால் அழிந்துவிடும். பிறகு அல்லிசினுக்கு ஏது வழி? இத்தகைய நிலையற்ற பொருள், புகழோங்கி நின்ற பெனிசிலினோடு போட்டியிட இயலவில்லை.

ஆனால் பெனிசிலினுக்கும் சோதனை வந்தது. அதனை எதிர்த்து நிற்கக் கற்ற கிருமிகளுக்கென ஆக்கப்பட்ட மெதிசிலினையும் வென்ற ஸ்ரபிலோகொக்கசு வகை, 1961இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மருத்துவமனைகளைக் கலக்கிய அக்கிருமிக்கு மருந்து தேடியவர்களுள் சிலர், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஏடொன்றைப் புரட்டினர் என்பது வியப்புக்குரியது.

பால்டின் மருத்துவ ஏடு எனப்படும் அப்பழைய ஆங்கில நூல் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. கண்கட்டிக்கு அது கூறும் மருந்து இதுதான்: உள்ளியையும், அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூண்டையும் சம அளவில் இடித்து, திராட்சை மதுவும் மாட்டுப் பித்தமும் கூட்டி, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்து வடித்து, இறகினால் கண்ணில் இடுதல். இரண்டாவது பூண்டு வெங்காயமா, லீக்சா என்பது ஏட்டின் சொல்லிலிருந்து தெளிவாகவில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் இரண்டையும் இட்டுப் பார்த்தனர். கண்கட்டியை உண்டாக்குவதும் பெரும்பாலும் ஸ்ரபிலோகொக்கசே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

2015இல் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்ற கிறிஸ்ரினா லீயும், நுண்ணுயிரியலாளர் பிரேயா ஹரிசனும் கூடி இம்மருந்தைச் செய்தனர். பித்தளைப் பாத்திரத்தைக் கிருமி நீக்கிப் பயன்படுத்துதல் அரிதாகையால், கண்ணாடிக் குப்பியில் பித்தளைத் துண்டுகளை இட்டனர். செயற்கைப் புண்களில் சோதித்தபோது ஆயிரம் கிருமிகளுள் ஏறத்தாழ ஒன்றே பிழைத்தது. தனித்தனியே இட்ட சரக்குகள் அங்கு பயன் தரவில்லை.

2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதன் காரணத்தை ஓரளவு விளக்கியது. நீரில் தனித்து மிதக்கும் கிருமிகளைக் கொல்ல உள்ளி ஒன்றே போதும். ஆனால் புண்ணிலே பிசின் போன்ற படலம் அமைத்து அதனுள் கூட்டமாய் ஒளிந்திருக்கும் கிருமிகளிடம் உள்ளி மட்டும் தோற்றது. நான்கு சரக்கும் சேர்ந்த கலவையே அப்படலத்தினுள்ளும் அவற்றை அழித்தது. அல்லிசினைப் பிரித்தெடுத்து அதிலேயே முழு விடையையும் தேடியிருந்தால் இது புலப்பட்டிராது. பச்சை உள்ளி தோலைச் சுடும் தன்மையது. ஏட்டில் உள்ளதென்று எவரும் அதைக் கண்ணில் இட்டுப் பார்க்கலாகாது.