விளைவுக்கேற்ற கூலி
இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டின் போதைப்பொருள் கொள்கை, அடிமைநிலையைக் கட்டுக்குள் வைப்பதைவிட முழு மீட்சியையே இலக்காக அறிவித்ததை அடுத்து, சிகிச்சைக்கு வந்தோரின் தலைக்கணக்கை விடுத்து அவர்கள் அடைந்த விளைவை அளந்து நிறுவனங்களுக்குப் பணம் வழங்கும் முறை, 2012 ஏப்ரலில் விகன், கென்ட், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் உள்ளிட்ட 8 பகுதிகளில் வெள்ளோட்டம் விடப்பட்டது. சிகிச்சையை முடித்தவர் 12 மாதங்களுக்குள் மீண்டும் சிகிச்சைக்குத் திரும்பாதிருப்பதும் கூலிக்குரிய விளைவுகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. கடினமானவர்களைத் தட்டிக்கழித்து எளிதில் தேறக்கூடியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் ஆசை எழும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், ஒவ்வொருவரின் சிக்கலையும் எடைபோட்டு அதற்கேற்ற கட்டணப்படியைக் குறிக்கும் தனி மதிப்பீட்டு அமைப்பு இடையில் நிறுவப்பட்டது. உதவி தேடி வந்தவருக்கோ அது கடக்க வேண்டிய இன்னொரு வாசற்படியாயிற்று. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற பகுதிகளோடு ஒப்பிட்டபோது, முடிப்பதற்கே பணம் தந்த இடங்களில்தான் சிகிச்சையை முடிக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது.