பிடித்ததை விட்டுவிடும் காகிதம்

ராசிபுரத்தைச் சுற்றிலும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக் காடுகளையும், கிழங்கை அரைத்து மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவைக்கும் சேகோ ஆலைகளையும் கண்டு பழகியவர்கள், வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்து பார்க்கும் கல்லூரி மாணவனுக்கும் அந்த மாவுக்கும் பந்தம் உண்டு என்றால் எளிதில் நம்பமாட்டார்கள்.

அந்தப் பந்தம் கல்லச்சில் தொடங்குகிறது. ம்யூனிக் நகரத்து அலாய்ஸ் செனஃபெல்டர் 1790-களின் இறுதியில் கல்லச்சு முறையைக் கண்டபொழுது, கல்லின்மேல் ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றி எழுதவேண்டியிருந்தது பெரிய சிரமமாயிற்று. மாப்பசையும் கோந்தும் பூசிய காகிதத்தில் கொழுப்பு மையால் நேராகவே எழுதி, அதைக் கல்லின்மீது கவிழ்த்து அழுத்தி, நீரால் பசையைக் கரைத்துக் காகிதத்தை மட்டும் நீக்கிவிடும் உபாயத்தால் அச்சிரமம் தீர்ந்தது. தமது கண்டுபிடிப்பில் இப்பகுதியையே மிக முக்கியமானதென அவர் மதித்தார்.

வியன்னாவிலிருந்து லண்டனில் குடியேறிய பால் ஐஸ்லர், கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் சுற்றுப்பாதையை அச்சிட்டு, வேண்டாத செம்பை அமிலத்தால் அரித்தெடுக்கும் முறைக்கு 1943-இல் காப்புரிமை கோரினார். அவர்க்கு இடமளித்த ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் ஒரு கல்லச்சு நிறுவனம் என்பது தற்செயலன்று. யுத்தத்தினால் மலேயா முதலிய நாடுகளின் ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

செஸ்டர் கார்ல்ஸன் 1938 அக்டோபர் 22-இல் நியூயார்க்கில் கண்ட உலர்பிரதி முறையிலிருந்து வளர்ந்த ஜெராக்ஸ் எந்திரமும் லேசர் அச்சும், கொழுப்பு மைக்குப் பதில் உருகும் பிளாஸ்டிக் பொடியைக் கொண்டுவந்தன. பொடியால் அச்சான படத்தைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் பொடி உருகிச் செம்பைப் பற்றிக்கொள்ளும். பிறகு நீரில் ஊறவைத்துக் கட்டைவிரலால் மெல்லத் தேய்க்கையில், நல்ல காகிதம் நார்நாராய் உருண்டு வந்துவிடும். சாதாரண எழுதுதாளின் நார்களோ பொடிக்குள் புதைந்து நின்று, இரு கோடுகளுக்கு நடுவே ஒரு நூலிழை எஞ்சினாலும், பொடி மூடாத செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் அங்கே புகாமல் செம்பு அரிபடாது நின்று, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். களிமண் பூச்சுள்ள வழவழப்பான வாரப்பத்திரிகைத் தாளையே அனுபவஸ்தர்கள் நாடுவது இக்காரணத்தால்தான். இங்க்ஜெட்டுக்கென விற்கும் பிளாஸ்டிக் பூச்சுத் தாள் லேசர் எந்திரத்தின் வெப்பத்தில் உருகி உருளையைக் கெடுக்கக்கூடும்; ஸ்டிக்கரின் அடித்தாளிலோ பொடி சரியாகப் படியாமல் உதிரும்.

இதற்கெனவே கடையில் விற்கும் விசேஷத் தாளிலும், வறுத்த மாவிலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் பசைதான் பூசியிருப்பதுண்டு: செனஃபெல்டரின் உபாயமே இது. மாவை உலர்ந்த சூட்டில் வறுத்தெடுப்பது பெரிய ரசாயனமன்று. மாவுக்கும் இங்கே குறைவில்லை. ஆகவே, ராசிபுரத்து மாணவன் முதலில் ஒரு பழைய வாரப்பத்திரிகையிலும், பிறகு தன் ஊர்க் கிழங்கு மாவைத் தானே பூசிய தாளிலும் அதே சுற்றை அச்சிட்டு, எது செம்பிலிருந்து சுத்தமாக விட்டுப்பிரிகிறது என்று பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.