கட்டு, சுளுக்கு, சொடுக்கு

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தெரியாத தொல்லியல் மாணவர் தமிழகத்தில் இருக்க மாட்டார். பல்லவர் காலத்தில் மாடு கவர வந்தவர்களோடு மோதி மடிந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் இவை. இரா. நாகசாமியின் முயற்சியில் 1972-இல் இவை நூலாகவும் வெளிவந்தன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது இரண்டு கள்ளரைக் கடித்தது என்பதையும் மறக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே சண்டையில் கை ஒடிந்து, தோள் நழுவி, உயிரோடு வீடு திரும்பியவனுக்குக் கட்டுப் போட்டவர் யார் என்பதற்குக் கல் கிடையாது. எலும்பு வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. குணமானவர் ஊரெல்லாம் சொன்னார், அது நின்றது. கை வீணானவர் வீட்டோடு முடங்கினார், அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

செங்கத்தை ஒட்டிய ஜவ்வாது மலை அடிவாரத்தில் இந்த வைத்தியத்துக்குத் தேவை என்றும் இருந்தது. புளி உலுக்க ஏறித் தவறி விழுந்தவர், தேன் எடுக்கப் போனவர், காளை முட்டியவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். சின்னச் சுளுக்கு என்றால் விளக்கெண்ணெய் தடவி வழித்துவிடுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்தால் உடனே விடும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் நம்புகிறார்கள். முறிவு என்றால் கட்டு வைத்தியர்தான்.

வட தமிழ்நாட்டில் கட்டு என்றாலே புத்தூர்க் கட்டு. திருப்பதி போகும் வழியில், ஆந்திரத்துப் புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ராசபாளையம் என்ற ஈசுவராபுரத்தில் 1881-இல் கேசவ ராஜு தொடங்கிய வைத்தியம் அது. வேட்டையாடிய முயலை இலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது, அதன் ஒடிந்த எலும்பு கூடியிருந்ததைக் கண்டு அவர் மூலிகையை அறிந்தார் என்று கதை சொல்வார்கள். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி, இவ்வளவுதான் கருவி. அந்தப் பெயர் பரவிய பின், புத்தூரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்கூடத் தமிழக ஊர்களில் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டினார்கள். பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. கைப்பக்குவம் அப்படிப் பரவுமா?

அதே 1881-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். முறிந்த கைக்கு இறுக்கிக் கட்டிய கட்டு, உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. சில மணி நேரத்தில் தசை செத்துப்போகிறது. பிறகு விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, வாழ்நாள் முழுக்க விரியாமல் நின்றுவிடுகின்றன. அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மாவுக்கட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் விரல் நுனி நீலம் பாய்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சந்தேகம் வந்தால் கட்டை வெட்டிவிடுகிறார்கள். வலித்தால்தான் எலும்பு கூடும் என்று சொல்லும் வைத்தியரிடம் குழந்தை இரவெல்லாம் அழுதாலும் கட்டு அவிழாது. தப்பைக் கட்டுக்குப் பின் அழுகிய கையோடும் காலோடும் வந்தவர்களைப் பற்றி இந்திய எலும்பு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். அந்த எழுத்துதான், கட்டு வைத்தியம் தானே எழுதாமல் விட்ட கணக்கு.

அதற்காக மரபை முழுக்கத் தள்ளுவது நியாயமல்ல. 1867-இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜட் தம் மாணவர்களிடம், எலும்பு கட்டுகிறவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விலக்குங்கள் என்று அறிவுறுத்தினார். நம் வர்ம மரபும் ஆபத்தை அறிந்தே வளர்ந்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடலில் 108 இடங்களைச் சொல்லும் அந்த மரபு, தலையிலும் கழுத்திலும் உயிரைப் பறிக்கும் இடங்கள் உண்டு என்று எச்சரித்தது. ஆசான்கள் சீடனைச் சோதிக்காமல் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தியும் திருகியும் பார்க்கும் கைரோபிராக்டிக் பிறந்தது இதற்கெல்லாம் பிந்தி. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் செய்துவந்த டி. டி. பால்மர், ஹார்வி லில்லர்ட் என்ற காது கேளாத துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தித் தள்ளினார். அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் அறிவித்தார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முள்ளெலும்பு இடம் பெயர்வதால் வருகின்றன என்றும் பிறகு எழுதினார். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-இல் சிறைக்கும் போனார். ஆயினும் தொழில் வளர்ந்தது. 1974-இல் லூசியானாவும் உரிமம் கொடுத்ததோடு அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் அதை ஏற்றன.

கழுத்தில்தான் சிக்கல். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள், கழுத்து எலும்புகளின் துளைகள் வழியே ஏறி, மண்டைக்குக் கீழே வளைந்து உள்ளே நுழைகின்றன. தலையைச் சட்டென்று திருகினால் அந்த வளைவில் தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் உறையும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்படி இறந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் 1947-லேயே எழுதியது. நம் நாட்டில் இந்தக் கழுத்துச் சொடுக்கு முடிதிருத்தும் கடையில் இலவசமாகவே கிடைக்கிறது. 2017-இல் டெல்லிப் பகுதியில் 54 வயதான ஒருவருக்குக் கடையில் கழுத்தைச் சொடுக்கியதில் உதரவிதான நரம்புகள் செயலிழந்து மூச்சுக்கருவி தேவைப்பட்டது. 2024-இல் பல்லாரியில் 30 வயது இளைஞர், தலை மசாஜின்போது கழுத்தைத் திருகியதால் பக்கவாதத்துக்கு ஆளானார்.

இவை அபூர்வம் என்பது உண்மை. கனடாவின் ஒண்டாரியோவில் 1993 முதல் 2002 வரை மூளையின் பின்பகுதியைத் தாக்கிய 818 பக்கவாதங்களை ஆராய்ந்தபோது, 45 வயதுக்கு உட்பட்டவர்களில் கைரோபிராக்டரிடம் போனவர்களுக்கு இருந்த தொடர்பு, சாதாரண மருத்துவரிடம் போனவர்களுக்கும் இருந்தது. தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்த வலிக்காகவே சிலர் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சர்ச்சை இன்னும் தீரவில்லை. ஆனால் கிழிந்திருக்கக்கூடிய கழுத்தைத் திருகுவது எப்படிப் பாதுகாப்பாகும்? சிறு பக்கவிளைவுகளோ அபூர்வமே அல்ல. 1997-இல் வெளியான நார்வே ஆய்வில் 1,058 பேரில் 55 சதவீதத்தினர் வலி, தலைவலி, அசதி என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியானது.

இப்போது கைபேசியில் ஓடும் காணொளிகளில் கழுத்து ‘டக்’ என்று சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, மறுநாள் அந்த ஆள் எப்படி இருந்தார் என்பது வருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் பலகைகள் அப்படியே இருக்கின்றன.

எனவே செங்கத்திலோ சென்னையிலோ யாரிடம் போனாலும், முறிவு என்றால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். கட்டுக்குப் பின் விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். எலும்பு தேய்ந்த முதியவர்களின் முதுகை யாரும் மிதிக்கவோ அழுத்தவோ விடாதீர்கள். முதுகை அழுத்திய பின் சிறுநீர் போவது தடைபட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தைத் திருக எவரையும் அனுமதிக்காதீர்கள். திருகிய பின் தலை சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.