சட்டசபையில் ஆசனம், ஆலயத்தில் படிக்கட்டு

ஊரிலிருந்து வரும் உறவினரை மட்டாஞ்சேரி யூதர் தெருவுக்கு அழைத்துச் செல்வது நம் காலனிக் குடும்பங்களின் வழக்கம். அங்கே ‘ஏ.பி. சேலம் சாலை’ என்னும் பெயரைக் கேட்ட என் மைத்துனர், “நம் சேலத்துக்கும் இவ்விடத்துக்கும் யாது தொடர்பு?” என்று வினவினார். மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

ஆபிரகாம் பராக் சேலம் 1882-ல் பிறந்த கொச்சி யூதர். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின் சென்னைக்குச் சென்று பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றுத் திரும்பி, வக்கீல் தொழில் நடத்தினார். கொச்சி சமஸ்தானத்துச் சட்டசபை 1925-ல் கூடிற்று. அங்கத்தினர் 45 பேர்; அவருள் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், எஞ்சியோர் அரசின் நியமனம் பெற்றோர். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் சேலம் அச்சபையில் அங்கம் வகித்தார். தொழிற்சங்கம் இங்கு முளைவிட்ட நாளிலேயே தொழிலாளர் பக்கம் நின்றார். 1929-ல் பூரண சுயராஜ்யம் கோரிய லாகூர் காங்கிரஸுக்கும் சென்றார்.

சமஸ்தானத்துச் சபையில் ஆசனம் பெற்ற இவருக்குத் தம் சொந்த ஆலயத்தில் ஆசனம் இல்லை என்றால் நம்புவீர்களா?

1568-ல் எழுந்தது பரதேசி ஜெபாலயம். நாம் சீன ஓடு பதித்த அதன் தரையைக் கண்டு வியக்கிறோம். அடிமைத் தளையினின்று விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர் என்று ஒதுக்கப்பட்ட சில குடும்பத்தார்க்கு அந்தத் தரைதான் இடம். அன்றேல் வெளியே படிக்கட்டு. பெஞ்சில் அமரும் உரிமையில்லை. மற்றையோருடன் கொள்வினை கொடுப்பினையும் இல்லை. அத்தகைய குடும்பத்தில் பிறந்தவரே சேலம். குலம் பார்க்கும் நோய் நமக்கே உரியது என்று எண்ணியிருந்த எனக்கு இச்செய்தி பெரும் வியப்பளித்தது.

அவர் காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்டார். ஒரு காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். பின்னர் புதல்வர்களுடன் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்னும் பெயர் இதனால் வந்ததே. தடைகள் ஒரே நாளில் விழவில்லை. ஆண்டுகள் பல கடந்து, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950-ல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும், திருமணம் நடந்தது பம்பாயில்!

சேலம் 1933-ல் பாலஸ்தீனம் சென்று வந்தவர். நாடு விடுதலை பெற்றபின், இங்குள்ள யூதர் இஸ்ரேலில் குடியேறுவதற்காக வாதாட, 1953-ல் மீண்டும் கடல் கடந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் மூட்டை கட்டினர். பிறர்க்கு வழி திறந்துவிட்ட அம்முதியவரோ கொச்சியை விட்டு அகலவில்லை. 1967-ல் இவ்வூரிலேயே காலமானார்.